லாரியில் ‘பிசிஎம் போச்சு’ என்றால்: ஷோரூம், போர்டு கடை, பழைய பெட்டி, மூன்றில் எது தேறும்?

இடது இண்டிகேட்டரைப் போட்டால் வலது பக்கமும் மங்கலாகச் சிமிட்டுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கிங் விளக்குகள் அணைந்துவிடுகின்றன; சாவியை அணைத்துத் திருப்பினால் ஒன்றும் நடக்காததுபோல எரிகின்றன. ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் செல்ப் எடுக்க மறுக்கிறது. இப்படி ஏதாவது ஒரு குறையோடு 24 வோல்ட் லாரி பட்டறைக்குள் நுழைந்தால், ஸ்கேனரைச் செருகிய பத்தாவது நிமிடம் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘பிசிஎம் போச்சு, மாத்தணும்.’

பிசிஎம் என்பது பாடி கண்ட்ரோல் மாட்யூல். 2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ்-6 நடைமுறைக்கு வந்த பிறகு இறங்கிய பல மாடல்களில் விளக்கு, வைப்பர், ஹாரன், கதவுப் பூட்டு, சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் எல்லாம் இந்தப் பெட்டி வழியாகத்தான் நடக்கின்றன. கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், வேலை ஒன்றே. இந்தப் பெட்டியில் கோளாறு என்று சொன்னால் லாரிக்காரருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஷோரூமில் புதுசு போடலாம். ‘ஈசிஎம் ரிப்பேர்’ (என்ஜின் கண்ட்ரோல் மாட்யூல் பழுது) என்று பெயர்ப்பலகை வைத்து, பெட்டிக்குள் இருக்கும் மின்னணுப் போர்டைச் சரிசெய்யும் போர்டு கடையில் பழுது பார்க்கலாம். கழித்த வண்டியிலிருந்து எடுத்த பழைய பெட்டியை வாங்கி மாட்டலாம். மூன்றையும் இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன். தனிக் கடை எதையும் குறிப்பிடவில்லை. சேவையின் தரத்தை எதை வைத்துக் கணிப்பது என்பதுதான் பேச்சு.

கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வழியில் போனாலும் நீங்கள் காசு கொடுக்க வேண்டியது முதலில் சோதனைக்கு, பிறகுதான் பெட்டிக்கு. எர்த்தும் (பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) ஃபீடும் (பெட்டிக்கு 24 வோல்ட் கொண்டுவரும் ஒயர்) லோடு வைத்து, அதாவது கரண்ட் இழுக்கவைத்து, அளக்காமல் பெட்டியின் விலையைச் சொல்லும் இடம், எவ்வளவு பெரிய இடமாக இருந்தாலும், 10-க்கு 3 மதிப்பெண் தாண்டாது.

பெட்டிக்குள் நடப்பது

பழைய வண்டியில் பேட்டரி, பியூஸ், சுவிட்ச், பல்பு என்று கரண்ட் ஒரே ஒயரில் ஓடியது. இப்போது டேஷ்போர்டு சுவிட்ச் பெட்டிக்குச் செய்தி மட்டும் சொல்கிறது. பெட்டிக்குள் இருக்கும் டிரைவர் ஐசி (சுவிட்ச்போலக் கரண்ட்டைத் திறந்து மூடும் சிப்) பல்புக்கு 24 வோல்ட்டைத் திறந்துவிடுகிறது. அந்த ஐசி ஒவ்வொரு லைனிலும் போகும் கரண்ட்டை அளந்துகொண்டே இருக்கும். 21 வாட் பல்பு 24 வோல்ட்டில் எடுப்பது 0.9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. கரண்ட் வரம்பைத் தாண்டினாலோ ஐசி சூடேறினாலோ தன்னைக் காப்பாற்றிக்கொள்ள லைனை மூடிவிடும். சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி திறக்கும். கரண்ட் மிகக் குறைந்தால் பல்பு பீஸ் போனதாக எடுத்துக்கொண்டு இண்டிகேட்டரை வேகமாகச் சிமிட்டவைக்கும். 21 வாட் பல்பு இருந்த இடத்தில் 3 வாட் எல்இடி போட்டால் 0.125 ஆம்பியர்தான் போகும். பெட்டி அதையும் பல்பு போனதாகவே நினைக்கும்.

அதனால், விளக்கு தானாக அணைந்து சாவி போட்டதும் எரிகிறது என்றால் பெட்டி தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்றே பெரும்பாலும் பொருள். கோளாறு பெட்டிக்கு வெளியே, ஒயரில் இருக்கிறது. இதை அறியாமல் பெட்டியை மாற்றினால் புதுப் பெட்டியும் அதே லைனை அதே இடத்தில் மூடும்.

முதல் ஒரு மணி நேரம்

நல்ல பட்டறையை அடையாளம் காண அவர்கள் கையில் முதலில் என்ன வருகிறது என்று கவனித்தால் போதும். ஸ்கேனருக்கு முன்னால் மல்டிமீட்டர் வர வேண்டும்.

இரண்டு பேட்டரியையும் தனித்தனியே அளக்க வேண்டும். நன்றாகச் சார்ஜ் ஆகி ஓய்ந்து நிற்கும்போது ஒவ்வொன்றும் 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்கும், சேர்த்து 25.2. இரண்டுக்கும் இடையே அரை வோல்ட் வித்தியாசம் இருந்தால் அங்கேயே நிறுத்திக் காரணம் தேட வேண்டும். காரணம் பலமுறை ஒன்றுதான்: பாட்டு செட்டுக்கோ மொபைல் சார்ஜருக்கோ ஒரு பேட்டரியில் மட்டும் 12 வோல்ட் எடுத்திருப்பார்கள். அந்தப் பேட்டரி இறங்கிக்கொண்டே போகும், மற்றது அதிகச் சார்ஜில் வெந்துகொண்டிருக்கும். 24-இலிருந்து 12 ஆக்கும் கன்வர்ட்டர் போட்டால் தீரும் விஷயம் இது. என்ஜின் ஓடும்போது மொத்தம் 27.5-இலிருந்து 28.5 வோல்ட் வர வேண்டும். மீட்டரை ஏசி அளவுக்கு மாற்றி அதே முனைகளில் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டர் டையோடு ஒன்று போயிருக்கலாம். அந்த அலை கலந்த கரண்ட்டில் மின்னணுப் பெட்டிகள் கண்டபடி நடந்துகொள்ளும்.

இங்கே ஒரு பழக்கத்தைக் கண்டித்தே ஆக வேண்டும். என்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி ‘டைனமோ சார்ஜ் போடுதா’ என்று பார்ப்பது. வண்டி மின்னணுவியலுக்கான ஐஎஸ்ஓ 16750 தரநிலை, ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரி விலகினால் 24 வோல்ட் வண்டியில் எழக்கூடிய அலையை, தடுப்பு ஏதும் இல்லாத நிலையில், 151 முதல் 202 வோல்ட் வரை வைத்துச் சோதிக்கச் சொல்கிறது. ஒரு நொடிக்கும் குறைவான அந்த அடி பெட்டியின் காப்பு டையோடைச் சாகடிக்கப் போதும். உங்கள் கண்முன்னே யாராவது இப்படிச் செய்தால் வண்டியை வெளியே எடுத்துவிடுங்கள்.

அடுத்தது எர்த். மீட்டரின் கறுப்புக் கம்பி பேட்டரி நெகட்டிவின் ஈய முனையில் இருக்க வேண்டும், கிளாம்ப்பின் மேல் வைத்தால் கிளாம்ப் இணைப்பின் குறை தெரியாமல் போய்விடும். சிவப்புக் கம்பி, பெட்டியின் கப்ளரில் (ஒயர்க்கொத்தைச் செருகும் இணைப்பு) எர்த் ஒயர் நுழையும் பின்பக்கத்தில் மெல்லிய ஊசி வழியாக. ஹெட்லைட், வைப்பர், ஹசார்டு, ப்ளோயர் நான்கையும் போட்டுவிட்டு மீட்டரைப் பாருங்கள். 0.1, மிஞ்சினால் 0.2 வோல்ட். 0.5 அல்லது 0.8 என்று ஏறினால் எர்த் வழியில் எங்கோ தடை. சாயும் கேபின் உள்ள வண்டிகளில் கேபினையும் சேசிஸையும் இணைக்கும் பின்னல் எர்த் பட்டையை முதலில் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு முறை கேபினைத் தூக்கும்போதும் அது மடங்குகிறது. வெளியே முழுசாகத் தெரிந்தாலும் போல்ட்டு ஓரத்தில் பாதி இழைகள் அறுந்திருக்கும். அல்லது புது பெயிண்ட் மேலேயே போல்ட்டை முறுக்கியிருப்பார்கள்.

ஃபீடு ஒயருக்கு மீட்டர் மட்டும் போதாது. ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் ஒயரும் லோடு இல்லாதபோது 24 வோல்ட் முழுதாகக் காட்டும். எல்இடி டெஸ்டரும் அதே பொய்யைச் சொல்லும். கப்ளரைக் கழற்றி, ஃபீடு பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் 24 வோல்ட், 70 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்ட வேண்டும். அது ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்கும். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து, வோல்ட்டேஜ் பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் இறங்காமல் இருந்தால் அந்த ஃபீடு தேறியது. பெட்டிக்கு ஃபீடு ஒன்று மட்டும் வராது. பல பியூஸ் வழியாகப் பல ஃபீடு வரும். ஒவ்வொன்றையும் இப்படிப் பார்க்க வேண்டும். தடித்த டெஸ்ட் கம்பியை முன்பக்கத்திலிருந்து குத்தினால் உள்ளிருக்கும் பெண் பின் விரிந்துபோகும், பெட்டியின் ஊசி அதில் தொளதொளவென்று நிற்கும். இல்லாத கோளாறு அன்றைக்குத்தான் பிறக்கும்.

கேன் லைன் என்பது பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் இரட்டை ஒயர். அதன் சோதனை இதைவிடச் சுருக்கம். பேட்டரியைத் துண்டித்துவிட்டு கேன் ஹைக்கும் கேன் லோவுக்கும் இடையே ஓம் அளவு பாருங்கள். ஒன்பது பின் வட்டச் சாக்கெட் என்றால் சி, டி பின்கள். பதினாறு பின் ஓபிடி சாக்கெட் என்றால் வழக்கமாக 6, 14. லைனின் இரு முனையிலும் 120 ஓம் தடை இருப்பதால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 என்றால் ஒரு முனை அறுந்திருக்கிறது. 40 என்றால் கூடுதலாக ஒரு தடையை யாரோ சேர்த்திருக்கிறார்கள். பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் ஷார்ட். ஷார்ட் என்றால் பெட்டியின் கப்ளரைக் கழற்றிவிட்டு மறுபடி அளங்கள்; 60 அல்லது 120 ஆகத் திரும்பினால் பெட்டியின் கேன் ஐசி குற்றவாளி, மாறாவிட்டால் ஒயர். ஜிபிஎஸ் அல்லது டீசல் கணக்குக் கருவி மாட்டியவர்கள் கேன் ஒயரைச் சுரண்டி முறுக்கி டேப் சுற்றிய இடம் இருந்தால் அதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இதற்குப் பிறகு ஸ்கேனர். ‘யு0140’ என்ற கோடு (கோளாறு எண்) வந்தால் மற்ற பெட்டிகள் பாடி மாட்யூலோடு பேச முடியவில்லை என்கின்றன. பேசாததற்குப் பெட்டி செத்திருக்க வேண்டும் என்பதில்லை. பியூஸ் போயிருந்தாலும் இதே கோடுதான் வரும். ஜே1939 என்ற கனரக வண்டித் தரநிலைப்படி பெட்டிகள் பேசும் வண்டிகளில் முகவரி 33 பாடி கண்ட்ரோலர், 0 என்ஜின், 11 பிரேக். பட்டியலில் 0-வும் 11-ம் வந்து 33 மட்டும் காணவில்லை என்றால் ஃபீடு, எர்த், பெட்டி என்ற வரிசையில் தேட வேண்டும். கோடோடு வரும் எஃப்எம்ஐ எண்ணை (கோளாறு எந்த வகை என்று சொல்லும் எண்) கட்டாயம் எழுதி வாங்குங்கள். 3 என்றால் வோல்ட்டேஜ் அதிகம், 4 என்றால் குறைவு, 5 என்றால் லைன் அறுந்தது, 6 என்றால் கரண்ட் மீறியது அல்லது எர்த்தில் ஷார்ட், 12 என்றால்தான் பெட்டியே தன்னைக் கெட்டுப்போனதாகச் சொல்கிறது. 5-ஐயும் 6-ஐயும் காட்டிப் பெட்டியை மாற்றச் சொல்பவர் கோடைப் படிக்கவில்லை, விலைப்பட்டியலைப் படித்திருக்கிறார்.

பெட்டி மேல் பழி விழும் இரண்டு இடங்கள்

பிரேக்கை மிதித்தால் பின்பக்க இண்டிகேட்டரும் பார்க்கிங்கும் சேர்ந்து மங்கலாக எரியும். பார்க்கிற எவரும் பெட்டி குழம்பிவிட்டது என்பார்கள். பின்விளக்குக் கூட்டைக் கழற்றினால், ஒயரும் போல்ட்டும் சேரும் இடத்தில் எர்த் கண்ணி துருப்பொடியாக உதிரும். எர்த்துக்கு வழியில்லாத பிரேக் பல்பின் கரண்ட், பக்கத்து பல்பின் இழை வழியாகப் பின்னோக்கிப் போய், அந்த லைனில் எர்த் தேடுகிறது. இரண்டு பல்பும் வரிசையில் சேர்ந்துவிடுவதால் இரண்டும் மங்குகின்றன. சோதிக்க ஒரு முழ ஒயர் போதும். விளக்கின் எர்த் பின்னிலிருந்து சேசிஸில் சுரண்டிய இரும்புக்குத் தொட்டுப் பாருங்கள். விளக்குகள் தனித்தனியே முழுதாக எரிந்தால் கண்ணியை வெட்டிப் புதுசு போட்டு, துருவை உப்புத்தாளில் தேய்த்து, முறுக்கியபின் கிரீஸ் பூசினால் வேலை முடிந்தது.

இரண்டாவது, பாடி கட்டும்போது சேர்த்த விளக்குகள். நாமக்கல் பக்கம் கட்டிய பாடிகளின் அழகே அந்த விளக்கு வரிசைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேபின் உச்சியில் ஐந்து, பக்கத்துக்கு ஏழெட்டு, பின்னால் சரம். ஆனால் இவற்றையெல்லாம் பார்க்கிங் லைனிலேயே முறுக்கிவிட்டால் டிரைவர் ஐசி அந்த லோடைத் தாங்காது. வெயில் நேரத்தில் டேஷ்போர்டுக்குள் சூடு சேர்ந்ததும் லைன் மூடும். சரியான வழி, 24 வோல்ட் ரிலே ஒன்று. பார்க்கிங் லைன் ரிலேயின் காயிலை மட்டும் இழுக்கட்டும். விளக்குகளுக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து தனிப் பியூஸ் வழியாக வரட்டும். டையோடோ ரெசிஸ்டரோ உள்ளே வைத்த ரிலேயாகக் கேட்டு வாங்குங்கள். சாதா ரிலேயின் காயில் அணையும்போது கிளப்பும் எதிர் அலையும் ஐசிக்கு ஆகாது. டையோடு வைத்த ரிலேயில் பிளஸ், மைனஸ் மாறக் கூடாது.

வெல்டிங்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பாடி வேலையிலும் எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) முந்தைய வேலையிலும் பெட்டியைச் சாகடிப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றி, கையேடு சொல்லும் மாட்யூல் கப்ளர்களையும் பிரித்து, வெல்டிங் எர்த் கிளாம்ப்பைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். கிளாம்ப் முன் பம்பரிலும் வெல்டிங் பின் கதவிலும் நடந்தால், அந்தக் கரண்ட் போகும் வழியில் உங்கள் ஒயரிங்கும் இருக்கிறது.

ஷோரூம்: 10-க்கு 7

பெட்டி வாரண்டியில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஷோரூம்தான். வெளியே பிரித்த அடையாளம் தெரிந்தால் வாரண்டி கேட்க முடியாது. இம்மொபிலைசர் சிக்கல், சாவி தொலைந்தது, பெட்டி முற்றிலும் பேசாமல் போனது ஆகிய மூன்றுக்கும் இதுவே முதல் தேர்வு. சேசிஸ் எண்ணை வைத்துக் கம்பெனி சர்வரிலிருந்து அந்த வண்டிக்கான சாப்ட்வேரையும் அமைப்பையும் இறக்கிப் போட அவர்களால் முடியும். டிப்பருக்கு ஒரு அமைப்பு, டிரெய்லர் இழுக்கும் டிராக்டருக்கு வேறு. பல்பு விளக்கு, எல்இடி விளக்கு என்பதும் அமைப்பில்தான் குறிக்கப்படுகிறது. அது மாறிப்போனால் நல்ல விளக்கையே பீஸ் போனதாக டேஷ்போர்டு மீட்டர் காட்டும். ஒயரிங் வரைபடமும் அவர்களிடம்தான் முழுதாக இருக்கும்.

மூன்று மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம், அங்கே போர்டைத் திறந்து பார்ப்பதில்லை. ஒரே ஒரு ஐசி எரிந்திருந்தாலும் முழுப் பெட்டிக்கும் விலை. வெளியே சேர்த்த ஒயரிங்கைப் பார்த்தால் கையைத் தூக்கிவிடுவார்கள், அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆர்டர் போட்டு வரவழைத்த மின்னணுப் பாகத்தைப் பொதுவாகத் திருப்பி எடுப்பதில்லை. ஆகவே சம்மதம் சொல்லும் முன் மூன்று விவரங்களை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்: எஃப்எம்ஐ எண்ணோடு சேர்த்து வந்த கோடு, லோடில் எர்த் இறக்கம் எத்தனை வோல்ட், ஒவ்வொரு ஃபீடும் லோடில் எத்தனை வோல்ட். எழுதித் தரும் சூப்பர்வைசர் கிடைத்தால் அந்த இடத்தை விடாதீர்கள்.

போர்டு கடை: டெஸ்ட் பெஞ்ச் இருந்தால் 8, இல்லாவிட்டால் 3

வாரண்டி முடிந்த வண்டியில் ஒரு விளக்கு லைன் மட்டும், அல்லது வைப்பர் வேகம் ஒன்று மட்டும் செத்து, மற்றதெல்லாம் நன்றாக இருந்தால் போர்டு கடையைப் போல் பொருத்தமான இடம் வேறில்லை. எரிந்த டிரைவர் ஐசி, வெடிப்பு விட்ட ரிலே சோல்டர், கசிந்த கண்டன்சர், செத்த கேன் ஐசி ஆகியவை மாற்றக்கூடிய உதிரிகள். உங்கள் சாவியும் அமைப்பும் ஓடிய கிலோமீட்டரும் அதே போர்டில் இருப்பதால் புரோகிராமிங் தொந்தரவே கிடையாது. இது பெரிய அனுகூலம்.

கடையின் தரம் அதன் மேஜையில் தெரியும். கரண்ட் வரம்பு வைக்கக்கூடிய 24 வோல்ட் சப்ளை, ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் ஒரு 21 வாட் பல்பு மாட்டிய பலகை, ஹாட் ஏர் நிலையம், பெரிதாக்கிக் காட்டும் மைக்ரோஸ்கோப். இவை இருந்தால் நம்பிக்கை வரும். சரி செய்த பெட்டியை எல்லா பல்பும் எரியும் நிலையில் ஒரு மணி நேரமாவது ஓடவிட வேண்டும். சோல்டர் வெடிப்பு குளிரில் சேர்ந்திருக்கும், சூடேறினால்தான் பிரியும். ஐந்து நிமிடச் சோதனையில் அது மாட்டாது. வண்டியில் செருகிப் பார்த்து ‘எரியுது, எடுத்துட்டுப் போங்க’ என்கிற கடைக்குத்தான் 3.

ஒரு ஏமாற்றத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். பேட்டரியை இணைத்த நொடியே பெட்டியின் பியூஸ் போகிறது என்றால், ஃபீடு நுழையும் இடத்தில் உள்ள காப்பு டையோடு ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். உயர் வோல்ட்டேஜ் அலையைத் தான் வாங்கிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றிச் செத்த பாகம் அது. அதைப் பிடுங்கிவிட்டால் பியூஸ் நிற்கும், பெட்டி ஓடும், வண்டி போய்விடும். புது டையோடு போடாமல் அப்படியே மூடித் தருகிற கைகள் உண்டு. அடுத்த அலை நேராகப் பிராசசருக்குப் போகும். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை யாராலும் காப்பாற்ற முடியாது. என்ன பாகம் மாற்றினீர்கள் என்று பில்லில் கேளுங்கள். ‘போர்டு சர்வீஸ்’ என்ற இரண்டு வார்த்தை போதாது.

பெட்டியை வாங்கும்போது மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. சோல்டர் இடத்தைச் சுற்றிப் பழுப்பு நிறப் பசை ஒட்டிக்கொண்டிருந்தால் சுத்தம் செய்யவில்லை. போர்டின் மேல் இருந்த மெல்லிய காப்புப் பூச்சு வேலை செய்த இடத்தில் மறுபடி பூசப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழைக்காலத்தில் ஈரம் வேலையைக் காட்டும். கப்ளர் ஊசிகளில் பச்சைக் களிம்பு இருந்தால் அது கண்ணாடி ரப்பரின் ஓரமாகவோ ஏசி தண்ணீர்க் குழாயிலிருந்தோ சொட்டும் நீரின் அடையாளம். போர்டைச் சரி செய்துவிட்டு சொட்டும் இடத்தை விட்டால், அதே பெட்டி அதே கடைக்கு மறுபடி வரும்.

பழைய பெட்டி: 10-க்கு 4

சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தையில் பெட்டி கிடைத்துவிடும். கிடைப்பது சுலபம், சேர்வதுதான் கஷ்டம். லேபிளில் உள்ள பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும், ஹார்டுவேர், சாப்ட்வேர் எண்கள் உட்பட. வடிவமும் கப்ளரும் ஒன்றாக இருப்பதை வைத்து வாங்கினால், டிப்பர் பெட்டி சரக்கு லாரியில் உட்கார்ந்து பாதி வேலைதான் செய்யும். இம்மொபிலைசர் உள்ள வண்டியில் வேறு வண்டியின் பெட்டி உங்கள் சாவியை ஏற்காது. செல்ப்பே சுற்றாமல் போகலாம்.

இதற்கு ஒரே ஒழுங்கான வழி குளோனிங். பழைய பெட்டியின் நினைவகத்தில் இருப்பதைப் படித்து, வாங்கிய பெட்டிக்குள் அப்படியே எழுதுவது. அதற்கு உங்கள் சொந்தப் பெட்டியின் நினைவகம் உயிரோடு இருக்க வேண்டும். அதனால்தான் செத்த பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். ஓடிய கிலோமீட்டரும் பெட்டியில் பதிவாகியிருக்கலாம். வேலைக்கு முன்னும் பின்னும் மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். மாடல் நின்றுபோய், புதுப் பெட்டி வரவழியில்லாத வண்டிக்கு மட்டும் இந்த வழியைச் சொல்வேன்.

மாற்றும் நாளில் எதிர்பார்க்க வேண்டியது

எல்லாச் சாவிகளையும் கையோடு கொண்டுபோங்கள். புதுப் பெட்டிக்குச் சாவி பழக்கும்போது அங்கே இல்லாத சாவி பிறகு வேலை செய்யாமல் போகலாம். பழைய பெட்டி பேசுகிறது என்றால், கழற்றும் முன்பே அதன் அமைப்பைப் படித்துச் சேமிக்க வேண்டும். அவசரத்தில் தவறும் முதல் வேலை இதுதான்.

சாவியை அணைத்ததும் பேட்டரியைத் துண்டிக்கக் கூடாது. பிஎஸ்-6 வண்டியில் புகையைச் சுத்தம் செய்யும் யூரியா கரைசலைப் பம்ப் குழாயிலிருந்து டேங்குக்குத் திருப்பி இழுத்து முடிக்க வேண்டும். கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, பிறகு நெகட்டிவ் முனை முதலில். கப்ளர்களைப் பூட்டு நெம்புகோலைத் திறந்து கழற்ற வேண்டும், ஒயரைப் பிடித்து இழுத்தால் பின் பின்வாங்கிவிடும். புதுப் பெட்டியை மாட்டியபின் புரோகிராமிங் நடக்கும்போது பேட்டரியில் நல்ல 24 வோல்ட் சப்ளை இணைந்திருக்க வேண்டும். பழைய கனத்த டிரான்ஸ்பார்மர் சார்ஜர் வேண்டாம், அதன் ஏசி அலை புரோகிராமிங்கைக் கெடுக்கும். நடுவில் வோல்ட்டேஜ் விழுந்து எழுத்து பாதியில் நின்றால் புதுப் பெட்டியே கல்லாகிவிடும். ஹெட்லைட்டும் ப்ளோயரும் அணைந்திருக்கட்டும், லேப்டாப்பும் சார்ஜரில் இருக்கட்டும்.

வண்டியை எடுக்கும் முன் எல்லா விளக்கையும் ஒன்றாகப் போட்டு, மேலே பிரேக்கும் ஹசார்டும் சேர்த்துப் பாருங்கள். வைப்பர் எல்லா வேகத்திலும் ஓடி, அணைத்தால் கண்ணாடியின் அடியில் போய் நிற்க வேண்டும். நடுவில் நின்றால் மோட்டாருக்குள் இருக்கும் பார்க் சுவிட்சைப் பாருங்கள். கோடுகளை அழித்துவிட்டு மேடுபள்ளமான ரோட்டில் இருபது கிலோமீட்டர் ஓட்டி மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கடைசியாக, வண்டி தூங்கும்போது பேட்டரியிலிருந்து போகும் ‘தூக்க கரண்ட்’. கதவுகளை மூடி, சாவியை எடுத்து, அரை மணி நேரம் விட்டபின் பேட்டரி ஒயரில் அளக்க வேண்டும். கதவு திறந்தாலே பெட்டி விழித்துக்கொள்ளும். ஜிபிஎஸ் பியூஸைப் பிடுங்கியபின் 50 மில்லி ஆம்பியரைச் சுற்றி நின்றால் நிம்மதி. அரை ஆம்பியர் போய்க்கொண்டிருந்தால் நாளொன்றுக்கு 12 ஆம்பியர்-ஹவர் பேட்டரியிலிருந்து கரைகிறது. நான்கு நாள் லோடுக்கு நின்றால் செல்ப் எடுக்காது.

பில்லில் சோதனைக் கூலி, பெட்டி விலை, புரோகிராமிங் கூலி மூன்றும் தனி வரிகளாக இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி ஒரே சீராக 18 சதவீதம்; பழைய 28 சதவீதத்தில் போட்ட மதிப்பீட்டுத் தாளை நீட்டினால் திருத்தச் சொல்லுங்கள். வாரண்டியில் மாற்றினால் பழைய பெட்டியைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். காசு கொடுத்து மாற்றினால் அதைக் கேட்டு வாங்கி, கப்ளர் வாயில் டேப் ஒட்டி, வண்டி எண்ணும் கிலோமீட்டரும் வந்த கோடும் அதன் முதுகில் மார்க்கரால் எழுதி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.